ஒரு நிலா அகலம் தள்ளி

பிப்ரவரி 11

ஐஸ்காரருக்கு,

என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே மூலையில் போட்டுவிடுவீர்களோ என்ற சந்தேகத்தில், முகவரியை நம் ஓட்டுநரை விட்டு எழுத வைத்தேன். முகவரியைக் கொடுத்ததும் அவர்தான். ஏழு வருஷமாக உங்களுக்கும் அவருக்கும் தபால் போக்குவரத்து இருந்திருக்கிறது. தினமும் காலையில் என்னை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற மனுஷன், ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. உங்கள் பழைய போன் எண்ணில் இப்போது ஒரு பல் டாக்டர் பேசுகிறார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, கூச்சப்படாமல் எந்தப் பல் என்று சொல்லும்படி அவரே கேட்டுவிட்டார்.

இது வேலை விஷயமான கடிதம். மலை மேல் தொலைநோக்கியில் இருக்கிற பழைய கேமராவைக் கழற்றப் போகிறார்கள். நீங்கள் நாலு வருஷம் குழந்தை மாதிரி குளிர்ப்பதத்தில் வைத்துக் காப்பாற்றிய அதே கேமராதான். புதியது போன வருஷமே வந்துவிட்டது. பழையதில் எடுத்த ஒவ்வொரு கோப்பையும் நான் பார்த்து, வைக்க வேண்டியதா கழிக்க வேண்டியதா என்று மே மாதக் கடைசிக்குள் முத்திரை குத்த வேண்டும் என்பது இயக்குநர் உத்தரவு. குத்திக்கொண்டே வந்தேன். போன வியாழக்கிழமை அந்தக் கோப்பு வந்தது.

எந்தக் கோப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் மாதம், காலை பத்து மணி, கட்டுப்பாட்டு அறையில் நல்ல வெயில்; நம் கேமராவுக்குத்தான் பகலும் இரவும் ஒன்றாயிற்றே. நட்சத்திரங்களுக்கு நடுவே தூசியாகக் கிடக்கிற நம் கருமேகத்தைப் பார்க்க நீங்கள் தொலைநோக்கியின் தட்டைத் திருப்பினீர்கள். மேகம் வரவில்லை. ஓரமாக ஒரே ஒரு புள்ளி வந்தது. காற்றில் இருக்கிற ஈரம் மேகத்தை விழுங்கிவிட்டு ஒரு போலிப் புள்ளியைத் துப்பியிருக்கிறது என்றேன் நான். தூசிக்குள் பிறக்கப் போகிற நட்சத்திரம் என்றீர்கள் நீங்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். பத்து நாளில் நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இப்போது அந்தக் கோப்பை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் பாதியிலும் புள்ளி இருக்கிறது, இரண்டாம் பாதியிலும் அதே இடத்தில் இருக்கிறது. போலியாக இருந்தால் அப்படி வராது. ஈரப்பதக் கருவியின் பழைய ஏட்டையும் எடுத்தேன். அன்றைக்குக் காற்று நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆக நான் சொன்னது தப்பு.

ஆனால் புதிய கேமராவை அதே மேகத்துக்குத் திருப்பினால், அந்தப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்தக் காலக் கோப்புகளில் தட்டு எங்கே பார்த்தது என்பது பதிவாகாது. உங்கள் கையெழுத்துப் பதிவேடு ஒன்றுதான் ஆதாரம். பதிவேட்டில் இல்லாதது ஏதாவது உங்கள் ஞாபகத்தில் இருக்கிறதா?

வேலை விஷயம் முடிந்தது. இருமல் எப்படி இருக்கிறது? உங்கள் அக்கா நலமா என்று கேட்டால் அவர் என்னைத் திட்டுவார், ஆகவே கேட்கவில்லை.

சட்டப்படி இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கும்
டாக்டரம்மா


பிப்ரவரி 26

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்ட விவரம்: பதிவேட்டில் எழுதியிருப்பது சரி. மேகத்தின் இடத்தை அட்டவணையிலிருந்து எடுத்து, நான்கு முறை சரிபார்த்து எழுதினேன். அதற்கு மேல் கருவி ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும்? வானத்தைப் பார்ப்பவர்கள் தாங்கள். தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

நான் இங்கே குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிறேன். ஐஸ்கிரீம் கடை, பூக்கடை, மருத்துவமனையின் மருந்து அறை எல்லாம் என் பொறுப்பு. மைனஸ் இருபது டிகிரிக்குப் பெட்டி இறங்கினால் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். இதற்குமேல் குளிரவே முடியாது என்கிற எல்லைக்குக் கால் டிகிரி மேலே நாலு வருஷம் ஒரு பெட்டியை வைத்திருந்தேன் என்று ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. "நட்சத்திரம் கொதிக்கிற சாமான் ஆச்சே. அதைப் பாக்க எதுக்குங்க ஐஸ் பெட்டி?" என்றார். பிறந்த நட்சத்திரம்தான் கொதிக்கும், பிறக்கப் போகிறது சில்லென்ற தூசிக்குள் சுருண்டு கிடக்கும், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் அந்தத் தூசியைத் தாண்டி வராது, மில்லிமீட்டருக்கும் குறைந்த அலையாக லேசான ஒரு கதகதப்பு மட்டும்தான் வரும், அதைப் பிடிக்க வேண்டுமானால் பிடிக்கிற கேமரா அதைவிடக் குளிர்ந்து கிடக்க வேண்டும் என்று விளக்கினேன். நான் ஏன் அந்த வேலையை விட்டேன் என்று அவர் கேட்டார். பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அக்கா நலம். தாங்கள் எதிர்பார்த்தபடியே திட்டினாள்.

இருமல் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் கருவி ஓட்டுநர்


மார்ச் 14

ஐஸ்காரருக்கு,

திட்டுங்கள், கோபப்படுங்கள், பதில் போடாமல்கூட இருங்கள். ஆனால் இந்தத் "தாங்கள்" வேண்டாம். உங்கள் கடிதத்தை ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியிலேயே கண் கலங்கிவிட்டது. மலை உயரத்தில் காற்று வறண்டு போய்க் கண் எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். வண்டி அப்போது இன்னும் அடிவாரத்தைத் தாண்டவில்லை.

முதல் கடிதத்தில் எழுத மாட்டேன் என்றதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு ஏழு பேர் முன்னால், "கருவி ஓட்டுறவர் கருவியை ஓட்டினா போதும், வானத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். கட்டிய கணவரிடம் சொன்னேன். நீங்கள் எழுந்து போய்க் குளிர்க்கலத்தின் அழுத்தத்தைச் சரிபார்த்தீர்கள். அதைச் சரிபார்க்க வேண்டிய நேரமே இல்லை அது. முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க உங்களுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. நான் சொன்னது தப்பு. மேகத்தைப் பற்றிச் சொன்ன தப்பைவிட நூறு மடங்கு பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள். இதை ஏழு வருஷமாக மனதுக்குள் எழுதிக்கொண்டே இருந்ததால், காகிதத்தில் எழுத நாலே வரிதான் ஆகியிருக்கிறது.

இனி சந்தோஷமான செய்தி. புதிய கேமராவில் நம் கருமேகம் எப்படி இருக்கிறது தெரியுமா? நாம் அதை ஒரே திட்டாக நினைத்துக்கொண்டிருந்தோம். திட்டே இல்லை. நூல் நூலாகப் பிரிந்து கிடக்கிறது, அந்த நூல்களில் அங்கங்கே முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு நட்சத்திரக் குழந்தை. ஒன்பது எண்ணினேன். பத்தாவது ஒன்று இருக்கிறது என்று கேமராப் பொறியாளர் அடம் பிடிக்கிறார், நானும் விட்டுக் கொடுக்காமல் இருக்கிறேன். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: யாரையும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் எண்ணியதைத் தனித்தனியாகச் சீட்டில் எழுதி வைத்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று நானே சட்டம் போட்டுவிட்டேன். அந்தச் சட்டம் யாரால் வந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஒன்பதோ பத்தோ, நம் புள்ளி அதில் இல்லை. காற்று காய்ந்திருந்த நாளில் இவ்வளவு பெரிய மேகம் தெரியாமல் போய், ஒரு புள்ளி மட்டும் ஏன் தெரிந்தது என்பதும் புரியவில்லை. இப்படியே போனால் மே மாதக் கடைசியில் அந்தக் கோப்பில் "கழிவு" என்று நானே முத்திரை குத்த வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி என்று இந்த உலகத்துக்குக் காட்ட வேண்டும் போல இருக்கிறது. காட்டினால், ஒருவேளை நீங்கள் ஒரு தடவையாவது இந்தப் பக்கம் வருவீர்கள். வேலை விஷயம் என்று ஆரம்பித்தது பொய். எனக்கு நீங்கள் வர வேண்டும்.

உங்கள்
டாக்டரம்மா


ஏப்ரல் 3

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். நாலு தடவையும் எழுந்து போய் எதையாவது பழுது பார்த்தேன். வீட்டில் இப்போது பழுதான சாமான் ஒன்றுகூட இல்லை.

நீ மன்னிப்புக் கேட்டாய். அதை வாங்கிக்கொள்ள எனக்கு அருகதை இல்லை. ஏனென்று சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

பதிவேட்டில் இருப்பது சரி என்று எழுதினேன் அல்லவா? அது உண்மை. பதிவேட்டில் எழுதியது சரி, தட்டுக்குக் கொடுத்ததுதான் தப்பு. மேகத்தின் இடத்தை நான் எடுத்தது பழைய அட்டவணையிலிருந்து. அது 1950-ஆம் வருஷக் கணக்கு. பூமியின் அச்சு மெல்ல மெல்லத் திரும்புவதால் வானத்தின் முகவரிகள் நகர்ந்துகொண்டே போகின்றன என்பதும், 1950-க்கு ஓர் எண், 2000-க்கு ஓர் எண் என்பதும் உனக்குத் தெரியும். நம் கருவி 2000-ஆம் வருஷக் கணக்கில் ஓடுவது. பழைய எண்ணைக் கொடுத்தால் ஒரு பொத்தானை மாற்ற வேண்டும். பதிவேட்டில் "1950" என்று ஒழுங்காக எழுதினேன். எண்களை நாலு முறை சரிபார்த்தேன். பொத்தானை மாற்றவில்லை. தட்டு உன் மேகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு நிலா அகலத்துக்கு மேல் தள்ளி, ஒன்றுமே இல்லாத வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இது எனக்கு எப்போது தெரியும் தெரியுமா? சண்டை நடந்து எட்டாம் நாள். நீ தப்பு, நான் சரி என்று நிரூபிக்கும் வெறியில் எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்போது அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. மேகமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, மேகத்துக்குள் நட்சத்திரம் பிறக்கிறது என்று உன்னோடு தொண்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறேன். கருவி ஓட்டுகிறவன் கருவியை ஓட்டினால் போதும் என்றாய். அதைக்கூட ஒழுங்காக ஓட்டவில்லை என்று வந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ சொன்ன வார்த்தை சுட்டது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கிளம்பியது அதனால் இல்லை. வெட்கத்தால் கிளம்பினேன். மனைவி அவமானப்படுத்தினாள், அதனால் வந்துவிட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்கா உன்னை வாய்க்காரி என்று சொல்லும்போதெல்லாம் தட்டில் இருக்கிற சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஏழு வருஷம் இருந்தேன். நீ சொன்னது ஒரு நிமிஷக் கோபம். நான் செய்தது ஏழு வருஷக் கோழைத்தனம்.

தட்டு உண்மையில் பார்த்த இடத்தைக் கணக்குப் போட்டு இத்துடன் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இந்த முறை 2000-ஆம் வருஷக் கணக்கு என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். அங்கே ஏதாவது இருக்கிறதா பார். இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதைப் படித்த பிறகு நீ எனக்கு எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். ஆனால் உன்னை நினைக்காத நாள் ஒன்றும் போகவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உன்
ஐஸ்காரன்


ஏப்ரல் 29

என் ஐஸ்காரருக்கு,

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதை எழுத முடியும். உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து, வீட்டில் இருக்கிற எல்லாக் கதவையும் ஒரு முறை சாத்தினேன். ஏழு வருஷம். நான் வாயைத் திறப்பதற்கே பயந்துபோய், கூட்டத்தில் ஒரு கருத்துச் சொல்வதற்கு முன்னால் பத்துத் தடவை யோசித்து, என் நாக்கால் என் குடித்தனம் போயிற்று என்று நம்பிக்கொண்டு கிடந்தேன். நீங்கள் அங்கே சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு நாள் உங்கள் மேல் அப்படிக் கோபம் இருந்தது. இனி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை காற்று அருமையாகக் காய்ந்திருந்தது. இந்த மாதிரிக் காற்று மாதத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிய விஷயம். கோபத்துக்காக அதை வீணாக்குகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. உங்கள் தாளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். தட்டைத் திருப்பச் சொன்னேன். நாற்பது நிமிஷம்.

புள்ளி இருக்கிறது. ஓரமாக, அன்றைக்கு வந்த அதே இடத்தில், கல்லு மாதிரி நிற்கிறது.

என்ன அது என்று உங்களால் ஊகிக்க முடியாது. நட்சத்திரம் இல்லை. ஈரமும் இல்லை. நீங்களும் தப்பு, நானும் தப்பு. அது ஒரு முழு விண்மீன் மண்டலம். நம் பால்வெளிக்கு வெகு வெகு அப்பால், தூசிப் போர்வைக்குள் மூடிக்கொண்டு, வருஷத்துக்கு எழுநூறு சூரியன்களைப் பெற்றுப் போடுகிறது. நம் பால்வெளி வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ பெறுவதற்கே மூச்சு வாங்குகிறது. அங்கிருந்து அந்த வெளிச்சம் கிளம்பி ஆயிரத்து இருநூறு கோடி வருஷம் ஆகிறது. ஊகமாகச் சொல்லவில்லை. பக்கத்து மலையில் இருக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டு, வருகிற அலைகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டுகிற நிறமாலை எடுத்தோம். கார்பன் மோனாக்சைடு வாயுவின் கோடுகள் இரண்டு சுத்தமாக வந்தன. ஒன்று வந்தால் வாதம் பண்ணலாம், இரண்டு வந்தால் தூரம் முடிவாகிவிட்டது.

அவ்வளவு தூரத்தில் இருப்பது நம் பழைய கேமராவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அதுதான் நம் அலையின் கருணை. பிரபஞ்சம் விரிய விரிய, அங்கிருந்து வருகிற அலைகளும் கூடவே நீள்கின்றன. அந்தத் தூசி எந்த அலையில் நன்றாக ஒளிர்கிறதோ, அது நீண்டு நீண்டு நம் கேமராவுக்கு ஏற்ற நீளத்துக்கு வந்து சேர்கிறது. தூரத்தால் குறைவதை இது ஈடுகட்டிவிடுகிறது. அதனால் பக்கத்தில் இருக்கிற சின்னக் குழந்தையும், எட்டாத தொலைவில் இருக்கிற பெரிய குடும்பமும் நமக்கு ஒரே மாதிரிப் புள்ளிதான். நீங்கள் நட்சத்திரம் என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை.

கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன். நான் அழுகிறேன் என்று நினைத்து இயக்குநர் தண்ணீர் கொண்டுவந்தார். நீங்கள் அன்றைக்கு அந்தப் பொத்தானை ஒழுங்காக மாற்றியிருந்தால் இந்தப் புள்ளி நமக்குக் கிடைத்தே இருக்காது என்பதை நினைத்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரையில் என் பெயருக்கு அடுத்து உங்கள் பெயர். இதில் பேச்சே கிடையாது. ஆனால் நான் கேட்க வந்தது அதில்லை. கட்டுரைக்கு நீங்கள் வர வேண்டாம், தபாலில் கையெழுத்துப் போட்டாலே போதும். எனக்காக வருவீர்களா?

உங்கள்
டாக்டரம்மா


மே 12

என் டாக்டரம்மாவுக்கு,

பெயரைப் போடு. ஆனால் தப்பையும் போடு. "இடத்தைத் தவறாகக் கொடுத்ததால் இது கண்டுபிடிக்கப்பட்டது, தவறு இரண்டாம் ஆசிரியருடையது" என்று முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுது. இனி என்னால் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, "அந்தப் பொண்ணை ஏழு வருஷமா வாய் வலிக்கத் திட்டிட்டு இருந்தேனேடா. ஒரு நாளாவது நிறுத்துக்கான்னு சொன்னியா?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, சட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லையே என்றேன். அவள் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். உன்னிடம் அவளே நேரில் வந்து பேச வேண்டுமாம். நான் போய் நிலைமையைப் பார்த்துவிட்டுச் சொன்னால் அடுத்த மாதம் வருவாள். கொஞ்சம் தயாராக இரு. மன்னிப்புக் கேட்கும்போதும் அவள் குரல் அப்படித்தான் இருக்கும்.

கருவி ஓட்ட நான் வரவில்லை. அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் உட்காரட்டும். மலையடிவாரத்தில் பழுதான குளிர்பெட்டி இல்லாமலா போய்விடும்? என் பிழைப்பு எந்த ஊரிலும் நடக்கும். நீ கேட்டது ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான். உனக்காக வருகிறேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

இருபத்தோராம் தேதி மதியப் பேருந்து. நீ வேலையில் இருந்தால் சிரமப்பட வேண்டாம், ஓட்டுநரை அனுப்பு.

உன்
ஐஸ்காரன்


மே 21, பேருந்து நிலையம்

வந்து சேர்ந்த ஐஸ்காரருக்கு,

இதைத் தபாலில் போட நேரமில்லை. உங்கள் பேருந்து இன்னும் அரை மணியில் வந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையிலிருந்து உங்களிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். ஒன்று புகார் மாதிரி இருந்தது, ஒன்று வகுப்பெடுப்பது மாதிரி இருந்தது. நீங்கள் இறங்கினதும் முதல் வார்த்தையை நான் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. அதனால் பேசப் போவதில்லை. நீங்கள் படியை விட்டு இறங்கியதும் இந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நிற்கப் போகிறேன்.

ஓட்டுநர் வெளியே வண்டியோடு நிற்கிறார். உங்களை அழைத்து வர அவர் ஒருவரே போதும் என்று நீங்கள் எழுதியதைக் காட்டினேன். படித்துவிட்டு, இவ்வளவு படித்தும் இரண்டு பேருக்கும் எழுதத்தான் தெரிகிறது என்றார். இயக்குநர் லீவு கொடுத்துவிட்டார். மலைக்கு மேலே இன்றைக்குக் காற்று நன்றாகக் காய்ந்திருக்கிறதாம், போன் வந்தது. காயட்டும். இன்றைக்கு நான் போகப் போவதில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

இவ்வளவுதான். படித்து முடித்துவிட்டீர்கள் அல்லவா? நிமிர்ந்து பாருங்கள், எதிரில்தான் நிற்கிறேன். பெட்டியை இப்படிக் கொடுங்கள், வீட்டுக்குப் போகலாம்.

உங்கள்
டாக்டரம்மா